நண்டுக் கொம்பனியும் மீன்முள்ளுப் படமும்

ஜனவரி 20
நான் அன்றைக்கே சொன்னேன்! இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று பேசாலை ஊர் முழுக்கச் சொன்னேன். தங்கச்சியின் மகள் டிலோஜினி கம்பஸில் புள்ளிவிபரப் பாடத்தில் மறுபடியும் தவறிவிட்டாள். வகுப்பில் பாதிப்பேர் தவறியிருக்கிறார்கள். இன்னும் ஒருதடவைதான் எழுதலாமாம். அதிலும் தவறினால் பட்டம் இல்லை. பாதிப்பேரை விழுத்துவதும் ஒரு படிப்பிப்பா? தூ!

பெப்ரவரி 2
டிலோஜினி வந்திருக்கிறாள். அவளுடைய பாலசிங்கம் சேர் ‘தர மேம்பாடு’ என்று ஒன்று தொடங்கியிருக்கிறாராம். பிள்ளைகள் ஏன் தவறுகிறார்கள் என்று காரணம் தேடி, ஒன்றை மட்டும் மாற்றி, புள்ளி கூடுகிறதா என்று பார்ப்பதாம். காரணங்களை எழுத மீன்முள்ளு மாதிரி ஒரு படம் கீறிச் சுவரில் ஒட்டினாள். சீ! சூடையுமில்லை, பாரையுமில்லை. கடலைக் காணாதவன் கீறின மீன்.

“சும்மா இருங்கோ மாமா. உங்களுக்கு இதில என்ன தெரியும்?”

எனக்கா? முந்தி வேலைசெய்த நண்டுக் கொம்பனியில் தரம் பார்த்தவனே நான்தானே! வள்ளம் கரை தட்டின உடனேயே ஒவ்வொரு நண்டாய் அமுக்கிப் பார்த்து பழுதை அங்கேயே விலக்குவோம், கழிவு பாதியாய்க் குறைந்தது, நண்டு வாங்குகிற ஜப்பான்காரன் வந்து கைகுலுக்கினான் என்றேன்.

வாயைத் திறந்தபடி கேட்டாள். “அப்ப நாங்களும் ஒவ்வொரு பாடம் முடிய ஒரு சின்னச் சோதினை வைப்பம், என்ன மாமா? விளங்காதது அண்டைக்கே பிடிபடும்.”

மூளை யாருடையது!

மார்ச் 9
சோதினை நடக்கிறதாம். பிள்ளைகள் பிழைவிட்டதை சேர் அடுத்த வகுப்பில் திரும்பப் படிப்பிக்கிறாராம். இதை முதலே செய்ய என்ன கேடு? வெட்கம் கெட்டவர்கள்.

ஏப்ரல் 27
அந்த சேர் என் கொம்பனிக் கதையைத் தர மேம்பாட்டு அறிக்கையில் உதாரணமாய்ப் போடப்போகிறாராம்.

“உங்களோட கதைக்கோணுமாம் மாமா.”

கேட்பதென்றால் மனேஜரைத்தான் கேட்கவேண்டும், அவன் கனடாவுக்குப் போய்விட்டான் என்றேன்.

“நீங்கள் இருக்கிறியள்தானே?”

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். படித்த மனிசனுக்கு வேறு உதாரணமே கிடைக்கவில்லையா? — சை.

யூன் 15
டிலோஜினி பாஸ்! இந்தமுறை தவறியது ஓரிருவர்தானாம். தங்கச்சி அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடினாள்.

பின்னேரம் டிலோஜினி போன் எடுத்தாள். அறிக்கை நாளைக்குப் போகிறதாம், கொம்பனியின் பெயர் வேண்டுமாம். போடவேண்டாம் பிள்ளை என்றேன். ஏன் என்றாள். பொய் பிடிபட்டால் அவளுடைய உழைப்பும் அல்லவா நாறும்? உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ஜப்பான்காரன் வந்தது மெய். மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். வள்ளத்தடியில் நாங்கள் ஒருநாளும் நண்டு பார்த்ததில்லை. பொழுதுபட மொத்தமாய்க் கொட்டித்தான் பார்ப்போம். அழுகினதோடு கிடந்து நல்லதும் அழுகும். கொம்பனி மூடினதே அதனால்தான்.