ஒன்பது முதல் வெள்ளிகள்

லிமனோவா,
பிப்ரவரி 11

லுத்விகா அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

புதுநன்மை விழாவுக்கு, ஞானத்தாய் என்ற முறையில், என் மகள் கிங்காவுக்கு நீ ஒரு போன் கொடுத்தாயே, அது இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒரு தடியன் செப்டம்பரிலிருந்து அவளோடு பேசியிருக்கிறான். முதலில் குதிரைப் படங்கள் அனுப்பினான். பிறகு அவள் படம் கேட்டான். ஒன்று அனுப்பிவிட்டாள். ஒன்பது வயது, அக்கா. என்ன படம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சனிக்கிழமை தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது அடியில் போன் அதிர்ந்தது, பார்த்தேன்.

மே மாதம் முதன்முதலாக நற்கருணை வாங்கி, ஜூனிலிருந்து மாதத்தின் முதல் வெள்ளி ஒன்றுகூடத் தவறாமல் சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்த குழந்தை. போனைப் பார்த்ததற்கு முந்தின நாள்தான் ஒன்பதாவது வெள்ளியும் முடிந்து, கோயிலில் கொடுத்த அட்டையில் ஒன்பதாவது முத்திரை விழுந்தது. என் வீட்டுக்காரர் லெஷெக் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நீ சாத்தானைப் பரிசுக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருக்கிறாய்.

இனி அவளுக்கு எதுவும் வாங்கித் தர வேண்டாம். பிள்ளையை வளர்க்கப் பெற்றவளுக்குத் தெரியும்.

ரெனாட்டா


வ்ரோத்ஸ்வாஃப்,
பிப்ரவரி 17

ரெனாட்டா,

உன் கடிதத்தைப் பல் மருத்துவமனையில் வேலைக்கு நடுவே படித்தேன். முதலில் குழந்தைக்காக அழுதேன். பிறகு உன்மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அந்தப் போனைக் கேட்டது யார்? "வகுப்புல எல்லாருக்கும் ஞானத்தாய் போன்தான் குடுக்கறாங்க. நம்ம பிள்ளை மட்டும் கைக்கடிகாரத்தோட நின்னா நல்லாவா இருக்கும்?" என்று நீதான் சொன்னாய். சிறுபிள்ளைகளுக்கான பூட்டைப் போட்டுத் தருகிறேன் என்றேன். உன் வீட்டுக்காரர் சிரித்தார். "எங்க வீட்ல ஒவ்வொரு அறையிலயும் சிலுவை தொங்குது, மதினி. அதைவிடப் பெரிய பூட்டா?" என்றார்.

கிறிஸ்துமஸ் விருந்தில், குழந்தை எப்படி வயிற்றுக்குள் போகிறது என்று கிங்கா கேட்டாள். "சாப்பிடற எடத்துல என்ன பேச்சு" என்று நீ ஒரு துண்டு கெண்டை மீனை அவள் தட்டில் வைத்தாய். சாப்பிட்டு முடித்த பிறகாவது சொன்னாயா? நம் அம்மாவும் இப்படித்தான். எனக்கு முதல் தடவை ரத்தம் வந்தபோது சாகப்போகிறேன் என்று நினைத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். நீ வாசலில் நின்று அழுதாய். அதற்குள் மறந்துவிட்டாயா?

ஒன்பது வயதுப் பிள்ளையால் இதை ஐந்து மாதம் தனியாகச் சுமக்க முடியாது. யாரிடமோ சொல்லியிருப்பாள். யாரிடம் என்று கேள். திட்டாமல் கேள்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
லுத்விகா


லிமனோவா,
மார்ச் 3

அன்புள்ள அக்கா,

கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"சொன்னேனே. மாசா மாசம் சாமியார்ட்ட சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அம்மாட்ட போய்ச் சொல்லுன்னு."

"ஏண்டி சொல்லல?"

"அசிங்கமான சங்கதிய வீட்ல பேசக்கூடாது, பாவசங்கீர்த்தனத்துல மட்டுந்தான் சொல்லணும்னு நீதானம்மா சொன்ன."

நான்தான் சொன்னேன். புதுநன்மைக்கு முந்தின வாரம், நீச்சல் வகுப்பில் பையன்களைப் பார்த்துவிட்டு வந்து அவள் ஏதோ கேட்டாள், அப்போது சொன்னேன். அக்டோபரிலிருந்து ஐந்து வெள்ளி போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த அட்டையை நான் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

நேராகப் பங்குச் சாமியாரிடம் சண்டைக்குப் போனேன். "தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தீங்களா, சாமி?" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு யார் வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு நான் வெளிய வாயத் தெறக்க முடியாதும்மா. உங்களுக்கே தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது பற்றிப் பெற்றோருக்குப் பேச ஒரு டாக்டரம்மா வருவதாக அவர் நவம்பரில் அறிவித்தார். 'கோயிலில் இந்த அசிங்கமா' என்று இருபத்தாறு பேரிடம் கையெழுத்து வாங்கி அதை நிறுத்தியது நான்தான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நேற்று பூசை முடிந்து வந்ததும் கிங்காவோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பு, மாதவிடாய், கல்யாணம், குழந்தை, யார் கேட்டாலும் என்ன தரக்கூடாது, எல்லாவற்றையும் பேசினேன். ஆண்டவர் படைத்த உறுப்பை அதன் பேர் சொல்லி அழைக்க எனக்கு முப்பத்தெட்டு வயதாகியிருக்கிறது. எனக்கு வியர்த்தது, அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

"அப்ப இது என் பாவம் இல்லையாம்மா?"

"இல்லடி. அவன் செஞ்சதுதான் பாவம்."

"பின்ன நான் அஞ்சு தடவ மன்னிப்புக் கேட்டேனே?"

அக்கா, அவளை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

உன்னைத் திட்டியதற்கு மன்னித்துவிடு. உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பிடித்துவிட்டார்கள். இன்று காலை பெண் காவலர் ஒருவர் அவன் அனுப்பியதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். அவனிடம் சிக்கிய மற்றப் பிள்ளைகளிடம், படத்தை ஊருக்கெல்லாம் காட்டுவேன், அப்பாவைக் கொன்றுவிடுவேன் என்றெல்லாம் மிரட்டியிருக்கிறான். கிங்காவிடம் அவன் அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வந்த பதினோரு மிரட்டலிலும் இருந்தது ஒரே வரிதான்:

"உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்."

உன் தங்கை,
ரெனாட்டா