உரித்த சட்டையில் நிறம் இல்லை

நிலா, நான்காம் கூடாரம்
திங்கள், காலை 7.10

காற்று சரி. தண்ணீர் சரி. தோட்டத்தில் ஒரு பாம்பு பிடித்தேன். ஒரு சாண் நீளம், சாம்பல் நிறம், உடம்பில் பட்டை இல்லை. கருவி படம் பிடித்துச் சொன்னது: வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லை. பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டினேன்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் கன்னியம்மாள். திருப்போரூர் பக்கம். ஐந்தாவது வரை படித்தேன். பூமியிலிருந்து கொண்டுவந்த தோட்ட மண்ணில் பாம்பு முட்டை இருந்திருக்கிறது. பிடிக்க என்னையும் என் வீட்டுக்காரர் சடையனையும் அனுப்பினார்கள். அவர் போன வாரம் இறந்துவிட்டார். பதிவு எழுதுவது அவர் வேலை. இப்போது நான் எழுதுகிறேன்.

திங்கள், மாலை 5.30

இங்கே பொரித்த குட்டிகளுக்கு நிறம் ஒழுங்கில்லை. சாம்பல், இளஞ்சிவப்பு, ஒன்று மஞ்சள். வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் சின்னதில் ஒன்றுபோல இருக்கும். முன்னது சாது. பின்னது ஆளைக் கொல்லும். ஊரில் பட்டையைப் பார்த்தால் பாதி தெரியும். மீதிக்கு ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் முதுகைப் பார்க்க வேண்டும். நடுமுதுகில் செதில் பெரிதாக, ஆறு மூலையோடு இருந்தால் கட்டுவிரியன். அவர் பிடிப்பார், நான் பார்ப்பேன்.

மஞ்சள் குட்டி அவரைக் கடித்தபோது நான் பக்கத்தில் இல்லை. கருவியிடம் காட்டினார். விஷமில்லை என்றது.

"நிலாவுக்கு வந்தும் கடி வாங்குறதுதான் நம்ம பொழப்பு, கன்னி" என்று சிரித்தார். வலியே இல்லை என்று படுத்தார். காலையில் எழவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்று கீழே பூமியில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்துவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

செவ்வாய், காலை 9.00

கட்டுப்பாட்டு அறை, ரெஜினா மேடம்:

"கன்னியம்மா, குடும்பங்க வர்ற கப்பல் நாளைக்கு எறங்குது. கட்டில் இன்னும் வரல, எல்லாரும் தரையிலதான் படுக்கணும். பாம்பு சங்கதி என்ன?"

"கட்டுவிரியன்னு சந்தேகம் மேடம். தரையில படுத்தா பக்கத்துல வந்து சுருண்டுக்கும். எறக்காதீங்க."

"கருவி விஷமில்லன்னுதே. சந்தேகத்த வச்சி கப்பல நிறுத்த விடமாட்டாங்கம்மா. எதாவது காட்டு, நான் சண்ட போடுறேன்."

கப்பலிலிருந்து ஒரு பெண்குழந்தை இடையில் புகுந்தது. பெயர் முகிலியாம். கருவி எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறது.

"பாம்பு அத்தை, எனக்கு அந்த மஞ்ச பாம்பு வேணும். லட்டுன்னு பேரு வச்சிட்டேன்."

செவ்வாய், மாலை 6.15

அவர் பிடித்துப் பானையில் விட்ட மஞ்சள் குட்டிக்குக் கண் தெளிந்துவிட்டது. போன வாரம் பால்போல வெளுத்திருந்தது. இனி சட்டை உரிக்கும். உரித்த சட்டையில் நிறம் நிற்காது. செதில் நிற்கும். அதைக் காட்டினால் போதும்.

புதன், காலை 6.40

உரித்துவிட்டது. சட்டை பானையின் அடியில் கிடந்தது, மேலே பாம்பு. அவர் இருந்தால் கொக்கியால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். நானே ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் எடுத்தேன். இங்கே எடை குறைவு, கொக்கியோடு குட்டி மேலே எழும்பிவிட்டது. விரலில் ஏதோ பட்டது. முள் குத்தியதுபோலக்கூட இல்லை.

சட்டையை விளக்கின்மேல் விரித்தேன். நடுவரிசை பெரியது. ஆறு மூலை. படம் அனுப்பினேன்.

"பாத்துட்டேன் கன்னியம்மா. கட்டுவிரியன்தான். கப்பல் எறங்காது, மேலயே சுத்தும். நீ நல்லாருக்கியா?"

"இருக்கேன் மேடம்."

கடித்ததைச் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் காப்பாற்ற இறங்கிவிடுவார்கள். கப்பலில் மருந்தும் இல்லை. விஷமில்லை என்றதால் ஏற்றவில்லை.

"லட்டு கெட்ட பாம்பா அத்தை?"

"இல்லடி. அதுக்கு நம்மளக் கண்டா பயம்."

புதன், காலை 9 இருக்கும்

வலி இல்லை. அவர் சொன்னது நிஜம்தான். பானையைக் கட்டிவிட்டேன், அவர் துண்டால். இரண்டு முடிச்சு.

இமை விழுகிறது. இடது விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

படிப்பவரே, பானைகளைத் தனியாகத் திறக்க வேண்டாம். நிறத்தைப் பார்க்க வேண்டாம். ஒருவர் பிடிக்கணும் ஒருவர் பா