ஏழாம் பலகை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மகள் வீட்டுக்கே வந்துவிட்டதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இருபத்தாறு வருடம் கழித்து மறுபடியும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். உன் காது தொலைபேசிக்கு ஒத்துழைப்பதில்லை என்கிறாய். என் முழங்கால் பேருந்துப் படிக்கு ஒத்துழைப்பதில்லை. தபால்காரர் இருக்கும்வரை நமக்கென்ன குறை?

நம் பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓடை நினைவிருக்கிறதா? நீ போன பிறகு அது சாக்கடையாகவே ஆகிவிட்டது. நகராட்சிக்காரர்கள் ஐந்து வருடம் பாடுபட்டு டயர்களையும் உடைந்த கட்டில்களையும் வாரி எடுத்து, நாணல் நட்டு, மரப்பலகையில் நடைபாதை போட்டு, இப்போது அதை இயற்கைக் காப்பகமாக ஆக்கியிருக்கிறார்கள். மீன்கள் திரும்பிவிட்டன. உதாரணமாக, நேற்று ஒரு மீன்கொத்தி கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து, பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் மாதிரி தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தது.

நீ வருவதானால் முன்கூட்டியே எழுது. பின்வாசல் வழியாகப் போவோம். முன்வாசல் பக்கம் முழுக்க விளக்கப் பலகைகள். வெயிலில் நின்று படித்தால் கண்தான் வலிக்கும். அவற்றில் ஒன்றும் பெரிதாக இல்லை.

உன்,
உதாரணம் சார்
(பிள்ளைகள் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது)


ஜூன் 13

மதிப்பிற்குரிய சாருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிறே மகள் என்னை அங்கே கூட்டிப்போய்விட்டாள். முன்வாசல் வழியாகத்தான் போனோம்.

ரொம்ப நன்றாக இருக்கிறது சார். "தவள கத்துதுப்பா" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. அதன் தொண்டை உப்பி உப்பி அடங்குவது மட்டும் தெரிந்தது. அதுவே போதும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் காதுக்காக அவள் ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் இலவசப் பாடம். ஏழாவது பலகையை வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்:

‘ஒரு நீர்நிலை எவ்வளவு எளிதில் கெடும் என்பதற்கு உதாரணமாக ஒன்றைச் சொல்லலாம். அருகிலிருந்த பள்ளியின் ஆய்வக உதவியாளர் ஒருவர், தம் கவனக்குறைவால், காலாவதியான ரசாயனங்களை இந்த ஓடையில் கொட்டிவிட்டார். மறுநாள் காலை மீன்கள் எல்லாம் மிதந்தன.’

"அப்பா, இது நீங்க வேல பாத்த ஸ்கூல்தானே? யாருப்பா அந்த ஆளு?" என்று அதே சத்தத்தில் கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது நடந்தபோது அவளுக்கு மூன்று வயது.

"தெரியலம்மா. எனக்கு முன்னாடி இருந்தவரா இருக்கும்" என்றேன்.

பன்னிரண்டு வருடம் நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைத்தான் பாட்டில்களில் ஒட்டினேன். பலகையில் எழுதியவர் பெயர் இல்லை, நடை மட்டும் எனக்குப் பழகிய நடையாக இருக்கிறது. கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களா சார்?

இப்படிக்கு,
பிப்பெட் அண்ணன்
(எனக்கும் அந்தப் பிள்ளைகள்தானே பெயர் வைத்தார்கள்)


ஜூலை 9

மதிப்பிற்குரிய நண்பருக்கு,

நான்தான்.

பதில் எழுத நான்கு வாரம் ஆனதற்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம் என்று இருந்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று, காலாவதியான ரசாயனங்கள் இருந்த அந்த அலமாரியைக் காலி செய்யச் சொன்னேன். "சார், தோட்டத்து மூலையில குழி வெட்டிப் புதைச்சிடலாமே, ஒரு மணி நேரம் குடுங்க" என்றீர்கள். "அதுக்கெல்லாம் நேரமில்ல தம்பி. ஓடையில ஊத்து, தண்ணியே இழுத்துட்டுப் போயிடும்" என்றேன். வேதியியல் படித்தவன் நான். தடுத்தவர் நீங்கள்.

விசாரணை வந்தபோது என் தலைமையாசிரியர் பதவி உயர்வு கையெழுத்துக்குக் காத்திருந்தது. "உனக்கு மாற்றல்தான் குடுப்பாங்க, எனக்கு எல்லாமே போயிடும். யார்கிட்டயும் சொல்லாத, வீட்டுலகூட" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரி சார்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அது பழைய கதை. போன வருடம் செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. காப்பக அலுவலகத்தில் என் பழைய மாணவி ஒருத்தி பொறுப்பில் இருக்கிறாள். "நீங்க எழுதினாதான் சார் பசங்களுக்குப் புரியும்" என்று ஓடையின் கதையைக் கேட்டு வந்தாள். அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல உதாரணம் ஒன்று வீணாகிறதே என்று சேர்த்தேன். விசாரணையில் பொய் சொன்னபோது உங்கள் பக்கம் திரும்பாமல்தான் சொன்னேன். பலகைக்கு எழுதியபோது அந்தக் கூச்சம்கூட இல்லை. பொய் எனக்கே உண்மையாகப் பழகிவிட்டிருந்தது. நீங்கள் இந்த ஊருக்கு வந்துவிட்டதாக எழுதியபோதுதான் எனக்கு வியர்த்தது. அப்போதும் பின்வாசலைத்தான் யோசித்தேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, "சரியானத எழுதிக் குடுங்க" என்றாள். அதற்குப் பிறகு ‘சார்’ வரவில்லை. என் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். புதிய பலகைக்கு மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை பழையதைச் சாக்குத் துணியால் மூடியிருக்கிறார்கள்.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்க வாய் கூசுகிறது. புதிய பலகை வந்ததும் ஒருநாள், முன்வாசல் வழியாகவே, நாம் இருவரும் சேர்ந்து போகலாமா?

உங்கள்,
பழைய ஆசிரியர்


ஆகஸ்ட் 6

சாருக்கு,

வணக்கம். பலகையைப் பார்த்தோம். மகள் இந்த முறை மெதுவாகப் படித்தாள். எனக்குப் பாதிதான் கேட்டது. திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. அங்கிருந்து வாசல்வரை என் கையை விடாமல் நடந்து வந்தாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மாற்றலாகிப் போன நாளிலிருந்து, நான் அணைத்த அடுப்பை என் மனைவி எழுந்து போய்ப் பார்ப்பாள். நான் மூடிய குழாயை மறுபடி முறுக்குவாள். திட்ட மாட்டாள். பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். கவனமில்லாத ஆள் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது, அவள் வேறென்ன செய்வாள்? வீட்டில்கூடச் சொல்லாதே என்றீர்கள். நானும் சொல்லவில்லை. அவள் போய் நாலு வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் எழுந்து போய்ப் பார்த்தாள். இப்போது நானே இரண்டு தடவை பார்க்கிறேன்.

அவளுக்கு எந்தப் பலகையைப் படித்துக் காட்டுவது சார்?

சேர்ந்து போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னது பெரிய காரியம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களோடு நடந்தால் நீங்கள் வழியெல்லாம் நல்ல நல்ல உதாரணமாகச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். நானும் பழைய பழக்கத்தில் சிரித்துவிடுவேன். அதற்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போகிறோம். நீங்கள் மற்ற நாட்களில் போங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர்