மூன்று ஓலைக்கும் ஒரே சாளரம்

ஆழிவளநாட்டை ஆளும் செங்கதிர் வேந்தரின் குடைநிழல் குளிர்க. அந்நிழலில் உழுகின்ற நிலமும் உலர்கின்ற உப்பும் ஓடுகின்ற தோணியும் குறைவின்றி இருக்க. தலைநகர் பொன்னிருக்கையிலிருந்து வானறி அதிகாரியும் உப்பளத்துச் சாத்தன் மகளுமான பூதிநங்கை, வலம்புரித்துறையின் தலைவரும் முத்துக்குளிப்பின் காவலரும் ‘அலைவென்றார்’ என்னும் பட்டம் உடையவருமான நக்கன் வேலரையருக்கு விடுக்கும் ஓலை. துறை நலமா, தோணிகள் நலமா, இல்லத்தார் நலமா என்று கேட்பது மரபு. தோணிகள் நாளை மாலையும் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இது எழுதப்படுகிறது. மற்ற நலங்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இது மூன்றாம் ஓலை. முதல் ஓலையில் பூதிநங்கை எழுதியது ஒரே செய்தி: தென்கிழக்கே ஆழ்கடலில் பெரும்புயல் திரண்டிருக்கிறது, பத்தாம் நாள் கரையைத் தொடும், அன்று விடியலில் முத்துக்குளிப்புக்கு இறங்கவிருக்கும் ஐம்பத்தெட்டுத் தோணிகளில் ஒன்றையும் இறக்க வேண்டாம் என்பது. இச்செய்தி எங்கிருந்து வந்தது என்று தாங்கள் வினவினீர்கள். திட்டுத்தீவுக் கலங்கரை விளக்கத்தின் காவலாள் மாசாத்தியிடமிருந்து புறா வழியே வந்தது என்று இரண்டாம் ஓலை விடை சொன்னது. அதற்குத் தங்கள் மறுமொழி ஒன்பதாம் நாளாகிய இன்று காலை வந்து சேர்ந்தது. துறையும் குன்றமும் அரண்மனையும் ஆகிய மூன்றிடத்தாரும் வானம் தெளிவு என்று எழுதியிருக்க, தீவில் விளக்கேற்றும் ஒருத்தியின் சொல்லை நம்பி அரசர் குறித்த நாளை மாற்றுவது தகாது என்றும், செய்தியின் மூலத்தை விளங்க எழுதுக என்றும் அதில் கண்டிருக்கிறது.

பூதிநங்கை விளங்க எழுதுகிறாள், படித்தருள்க.

சென்ற திங்களில் மூன்றிடத்தாரும் அமைதி என்று எழுதிய நாளிலேயே தங்கள் துறையில் நான்கு தோணிகள் உடைந்தன. அந்த நாளின் ஓலைகளைப் பூதிநங்கை அடுக்கிலிருந்து எடுத்து அருகருகே விரித்துப் பார்த்தாள். குன்றத்து ஓலையில், ‘கரையில் அலை கணுக்கால் அளவு’ என்று இருந்தது. குன்றம் கடலிலிருந்து மூன்று காதம். அங்கு நிற்பவனுக்குக் கடல் ஒரு நீலக்கோடாகத் தெரிந்தாலே பெரிது. அவன் கணுக்காலை எந்த அலை நனைத்தது என்று அறிய, அவள் மட்டக்குதிரை ஏறிக் குன்றத்துக்கே போனாள்.

குன்றக் காவலன் கொற்றன் ஒளிவுமறைவு இல்லாதவன். “மூக்குக்கு முன்னால கைய நீட்டுனா கையே தெரியாதும்மா, அம்புட்டுப் பனி. தொறை ஓலைக்காரன் இங்கதான் தண்ணி குடிக்க நிப்பான். அவன்கிட்ட வாங்கிப் பாத்து எழுதிப்புடுவேன். எழுத்து மட்டும் அவங்களதவிட என்னோடது நல்லா இருக்கும், வேணும்னா பாருங்க” என்றான். பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

தலைநகர் திரும்பி, அரண்மனை அறிவிப்பை எழுதும் நிமித்தகர் மாதவனாரைக் கேட்டாள். கோள்களைக் கணித்து எழுதுபவர் என்று நாடே நம்பும் அவர், துறை ஓலையும் குன்ற ஓலையும் வந்து சேரும்வரை எழுத்தாணியைத் தொடுவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. “ரெண்டு ஓலையும் ஒண்ணாச் சொல்றப்ப கோள் மட்டும் வேறயாவா சொல்லப்போவுது? உக்காரு பிள்ளை, மோர் குடி” என்றார். அவள் மோர் குடிக்கவில்லை.

எஞ்சியது தங்கள் துறை. தங்கள் மைத்துனர் குணவனார் துறைமனையின் மேல்மாடத்தில் இருந்துகொண்டு நாள்தோறும் வானிலை எழுதுகிறார். எப்படி எழுதுகிறீர்கள் என்று வானறி அதிகாரி வினவ, அவர் சாய்ந்திருந்த திண்டைவிட்டு எழாமலே கையைக் காட்டினார். “சாளரத்தத் தொறந்தா வானம் தெரியுது. இதுக்குமேல என்ன வேணும்? மழை நாள்ல சாரல் அடிக்கும்னு சாத்திருவோம். அன்னைக்கி அரண்மனைலேந்து முந்துன நாள் என்ன வந்துச்சோ அதையே எழுதிடுறது. அரசர் வாக்கு பொய்யாவா போவும்?”

மறுமுறை படித்தருள்க, வேலரையரே. குணவனார் எழுதியதைப் பார்த்துக் கொற்றன் எழுதுகிறான். இருவர் எழுதியதைப் பார்த்து மாதவனார் அறிவிக்கிறார். மாதவனார் அறிவித்ததைப் பார்த்துக் குணவனார் எழுதுகிறார். மூன்றிடத்தார் ஒருமித்துச் சொன்னார்கள் என்று தாங்கள் பட்டுநூல் சுற்றி வைத்திருப்பது ஒரே சாளரத்தை. அதுவும் சாரல் அடித்தால் சாத்திவிடும் சாளரத்தை.

படியிறங்கும்போது அவள் காதில் விழட்டும் என்றே குணவனார் ஒன்று சொன்னார். “உப்பு வாருன கையில எழுத்தாணிய குடுத்தா இப்படித்தான், ஊரையே கணக்குக் கேக்கும்.” அதை அவள் மறுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு உப்பு வாரிய கைதான். அவள் குடியில் கடிகையில் அமர்ந்து கற்ற முதல் ஆளும் அவள்தான். வானத்தைப் பற்றிக் கடிகை சொல்லித்தந்தது பாதி. உப்புக் கட்டுமா கட்டாதா என்று நாள் முழுதும் காற்றை முகர்ந்து நின்றதில் கற்றது மீதி. ஒரு மழைக்கு ஒரு மாத உழைப்பு கரைந்துபோகும் வீட்டில் யாரும் சாளரத்தைப் பார்த்து வானிலை சொல்வதில்லை.

இனி மாசாத்தி. அவள் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வானம் தெளிவு என்பதை அவளும் ஒப்புகிறாள். அவள் எண்ணுவது அலையை. நாள்தோறும் மூன்று வேளை தீவின் தென்முனைப் பாறையில் நின்று, நூறு எண்ணுவதற்குள் எத்தனை அலை வந்து மோதுகிறது என்று குறித்துவருகிறாள். வழக்கமாகப் பதினாறு. ஆறாம் நாள் பன்னிரண்டு. ஏழாம் நாள் எட்டு. நேற்றும் இன்று விடியலிலும் எட்டு, ஆனால் ஒவ்வொன்றும் ஆள் உயரம், காற்றோ இலை அசையாத அளவு. காற்றில்லாத கடலில் இடைவெளி விட்டு வரும் நெடிய அலை அங்கே பிறந்ததாக இராது. தொலைவில் எதுவோ கடலைப் போட்டு உலுக்குகிறது, அந்த உலுக்கல் புயலுக்கு முன்னால் ஓடி வருகிறது. இதைக் கடிகையில் கற்பிக்கிறார்கள். மாசாத்திக்கு எவரும் கற்பிக்கவில்லை.

ஒருத்தி சொல் போதாது என்றீர்கள். பூதிநங்கைக்கும் போதவில்லை, ஆகவே மாசாத்தியை அறியாதவர்களிடம் கேட்டாள். தென் உப்பளத்தில் மூன்று நாளாகப் பாத்திகள் ஈரம் விடவில்லை, வெயில் கொளுத்தியும் உப்புக் கட்டவில்லை. கீழைக் கடலிலிருந்து நேற்று வடதுறைக்கு வந்த வணிகக் கலத்தின் மீகாமன், தென்கிழக்கே வானம் சுவர் எழுப்பினாற்போல் கறுத்திருக்கக் கண்டு பாயைத் திருப்பி ஓடிவந்ததாக வாக்குமூலம் தந்தான். மாசாத்தியும் உப்பளத்தாரும் மீகாமனும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவர்கள் அல்லர். மூலம் என்பது இதுதான். இன்னார், இந்த இடத்தில் நின்று, இந்த வேளையில், தம் கண்ணால் கண்டது. எத்தனை முத்திரை குத்தினாலும் மற்றதெல்லாம் படியெடுத்தல்.

ஆகவே அரச முத்திரையின் பேரால் ஆணையிடுவதாவது: ஒரு தோணியும் இறங்கலாகாது. ஐம்பத்தெட்டையும் மணல்மேட்டுக்கு அப்பால் இழுத்துக் கட்டுக. கரைக் குடில்களில் இருப்போரைக் கோயில் மதிலுக்குள் ஏற்றுக. இன்றுமுதல் வானிலை எழுதும் எவரும், கண்டவர் பெயரையும் நின்ற இடத்தையும் வேளையையும், கண்டதா படியெடுத்ததா என்பதையும் ஓலையிலேயே எழுதுக.

இன்னும் ஒன்று. தொடக்க நாளில் இறங்காத தோணிக்கு அவ்வாண்டு முத்தெடுக்கும் உரிமை போகும் என்ற அச்சத்தில்தான் அலையைக் கண்ணால் கண்டும் தோணிக்குப் பத்துப் பேராக ஐந்நூற்றெண்பது பேரும் வாய்மூடி நிற்கிறார்கள். வானறி அதிகாரியின் தடை துறையில் உரக்கப் படிக்கப்பட்டால் அவ்விதி செல்லாது என்று வேந்தரின் பழைய ஆணை சொல்கிறது. அதைத் துறைத்தலைவரே படிப்பது வழக்கம். தாங்கள் இரண்டு ஓலையையும் துறையில் படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஆணையிலோ யார் படிக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை.

ஆதலால் இவ்வோலைக்கு இரண்டு படிகள் எழுதப்பட்டன. முத்திரையிட்டது தங்கள் கையில் இருக்கிறது. முத்திரையிடாததைக் குதிரைவீரன் எயினன் கடற்கரையில், தோணிகளுக்கு நடுவே நின்று, முதலிலேயே படித்துவிட்டான். கடைசித் தோணி மேடேறக் கண்ட பிறகே தங்கள் வாயிலுக்குப் போக வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. அவன் பிந்தி வந்ததற்குக் குதிரையைக் குறை சொல்ல வேண்டாம்.

துறைத்தலைவருக்கு விடுத்த ஓலையை அவருக்கு முன் பிறர் கேட்கச் செய்த அதிகாரி பதவி இழக்க வேண்டும் என்பதைப் பூதிநங்கை அறிவாள். குற்றத்தை ஒப்புகிறாள். கடலோரப் பாதையில் தண்ணீர் வடிந்ததும் தங்கள் அவைக்கு வந்து நிற்பாள். அதுவரை கதவைத் தாழிட்டுக்கொள்க.

ஒன்பதாம் நாள், உச்சிப்பொழுது. கண்டவர்: மாசாத்தி, தென்முனைப் பாறை, இன்று விடியல், தன் கண்ணால். எழுதியவள் பூதிநங்கை. இது வேந்தர் ஆணை. ஞாயிறும் திங்களும் உள்ளளவும் செல்வதாக.