தாமதமும் தூரமும்

கணவர் என்று எழுதக் கை வரவில்லை. எனவே, ஆய்வாளர் அவர்களுக்கு,

நீங்கள் வரைந்த நிலநடுக்க வரைபடம் இன்று பேப்பரில் வந்திருக்கிறது. நிலப்பிளவு கடலுக்கு அடியில் ஓடுகிறதாம். மீன் கொண்டுவந்த எல்லையம்மாள், "மறுபடியும் அலை வருமாமே, புள்ளைங்கள எங்கம்மா கொண்டுபோயி வைக்கிறது?" என்று எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதார். திருப்திதானே?

என் அப்பாவின் வயலில் நீங்கள் புதைத்த நிலநடுக்கக் கருவிக்கு அதிர்வுகள் தாமதமாக வந்தன. உடனே, தூரத்திலிருந்து வருகின்றன என்று முடிவுகட்டி, வரைபடத்தில் எல்லா நடுக்கங்களையும் கடலுக்குள் தள்ளிவிட்டீர்கள். அது வண்டல் மண். அதில் அதிர்வு மெதுவாகத்தான் வரும். இடம் உறுதியாகத் தெரிந்த ஒரு நடுக்கம் வந்த நேரத்தை, அதே கருவியில் மற்றவை வந்த நேரத்திலிருந்து கழித்துப் பார்த்திருந்தால், மண்ணின் தாமதம் அடிபட்டுப் போயிருக்கும். நான் கழித்துப் பார்த்தேன். வரைபடத்தில் சிதறிக் கிடந்த நடுக்கப் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. கோடு கடலில் இல்லை, கரைக்கு வெகு உள்ளே இருக்கிறது.

உங்கள் அம்மா இறந்த அன்றும் நான் தாமதமாகத்தான் வந்தேன். "அவ எப்பவோ தூரமாப் போயிட்டா" என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். நீங்கள் சொல்லித்தான் அந்தக் கருவிக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தேன். முழங்கால் சேற்றில் நான் நின்றபோது போன் வரப்பில் கிடந்தது. ஏன் தாமதம் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

எல்லையம்மாளுக்காக வரைபடத்தைத் திருத்துங்கள். என் விஷயத்தில் திருத்த வேண்டாம். அன்றைக்கு நான் தூரத்தில் இல்லை. இப்போது இருக்கிறேன்.

இப்படிக்கு,
தாமதமாக வந்தவள்