பின் அறையில் அடித்த போன்

அன்புள்ள அப்பா,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அங்கே பெரியப்பா பக்கத்தில் இருந்தாலும், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா உள்ளே தூங்குகிறாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. அம்மாவின் வேலை போகவில்லை. போக இருந்தது. அதற்குக் காரணம் நான்.

நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலியையே அம்மாவுக்குக் கொடுத்தார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு லாரி அனுப்புகிற அதே ஆபீஸ், வெளியிலிருந்து வருகிற போனை எடுத்து உள்ளே மாற்றிவிடுகிற அதே வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாள். காலையில் உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். எனக்குப் பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு அரை நாள்தான். அதனால் நானும் கூடவே ஆபீசுக்குப் போனேன். கல்லறையில் எனக்கு அழுகையே வரவில்லை அப்பா. உங்கள் நாற்காலியைப் பார்த்ததும் வந்தது. சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு அம்மா உள்ளே போனதும் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெனரேட்டரை ஒட்டி, முன்பக்கம் சத்தம் கேட்காத உங்கள் பின் அறைக்குச் சாப்பிடப் போகுமுன் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்டார், மூன்று எண்கள், பிறகு அந்த அறை போனின் எண் 27. அதன் பிறகு வெளியிலிருந்து வருகிற போனெல்லாம் அங்கே வந்துவிடும். தயிர்ச்சாதக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எடுத்துப் பேசுவீர்கள். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! அன்றைக்கு நானும் அப்படியே அமுக்கினேன். உங்கள் அறையில் போன் அடிக்கும், ரிசீவரில் ஒரு தடவை கேட்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அம்மாவின் போனுக்கு வெளி அழைப்பு ஒன்றுகூட வரவில்லை. உள்ளே ஒருவருக்கொருவர் பேச முடிந்தது, அங்கிருந்து வெளியே பேசவும் முடிந்தது. லாரிக்காரர்கள் நேரில் வந்து, மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை என்று சண்டை போட்டார்கள். அம்மா செல்போனை நோண்டிக்கொண்டு சும்மா இருக்கிறாள் என்று பேச்சு. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "அவரு இருந்தப்ப ஒரு நாளாவது இப்புடி ஆச்சா?"

நாகப்பட்டினத்திலிருந்து வந்த மெக்கானிக், போன்களை இணைக்கிற பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே கார்டு போய்விட்டது, இந்தக் காலத்தில் இதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆளுக்கொரு செல்போன் கொடுத்துவிடலாம் என்றாராம் முதலாளி. அப்புறம் அம்மாவுக்கு அங்கே என்ன வேலை? மூன்று நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியை நான் கெடுத்துவிட்டேன் என்ற பயத்தில் என் நாக்கு எழவில்லை.

இன்று மதியம் அம்மா மறந்து வைத்துப்போன டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். பின் கேட்டில் நம் வாட்ச்மேன் கலியபெருமாள் மாமா, ஒரு லாரி டிரைவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா அடிக்குதுப்பா. அவரு ரூமுதான். கல்லறைத் திருநாள் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுது."

"முன்னாடி போயி சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"அந்தத் தங்கச்சிகிட்டயா? புருசன் ரூமுல போன் அடிக்குதும்மான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்ப நீங்க எடுத்துப் பாருங்க."

"பூட்டிக் கெடக்குது. தெறந்திருந்தா மட்டும்? எடுத்து, அவரே ஹலோன்னாருன்னா?"

டிரைவர் சிரித்தார். அப்போது மறுபடியும் அடித்தது. ஜெனரேட்டர் பக்கம் ஓடி உங்கள் ஜன்னலில் காதை வைத்தேன். உங்கள் பழைய போனின் அந்தக் கரகர மணி. உடனே போய்ச் சரிசெய்திருக்க வேண்டும். ஆனால் அது அடித்து ஓயும் வரை நின்று கேட்டேன். அதற்கு மட்டும் என்னைத் திட்டாதீர்கள்.

பிறகு முன்பக்கம் ஓடினேன். அம்மா மேனேஜர் அறையில் தலைகுனிந்து நின்றாள். சாப்பிட்டுத் திரும்பியதும், ஈரக் கையைத் துடைக்காமலே நீங்கள் அமுக்குவது ஞாபகம் இருந்தது. ஸ்டார், அதே மூன்று எண்கள், கடைசியில் 27க்குப் பதில் பூஜ்யம். அமுக்கிவிட்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அடித்தது அப்பா. அம்மாவின் போன் அடித்தது!

அம்மா மேனேஜரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எடுத்தாள். "வணக்கம், சொல்லுங்க" என்றபடியே பேனாவைத் தேடினாள். வைத்ததும் அடுத்தது. மூன்றாவதை மேனேஜரே பக்கத்தில் நின்று பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்கு? அந்த மெக்கானிக்குக்குப் போனப் போட்டு திங்கக்கிழம வர வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இன்று ராத்திரி அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு மீனில் நடுத்துண்டு. ஆனால் சாயங்காலம் கலியபெருமாள் மாமா அவளிடம் சொல்லிவிட்டார், நாலு நாளாக உங்கள் அறையில் அடித்த மணி இன்று நின்றுபோனதை. அம்மா உங்கள் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி, "நீங்கதாங்க சரிபண்ணிக் குடுத்தீங்க" என்று அழுதாள். சந்தோஷ அழுகைதான். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன், திருடி மாதிரி.

சொல்லாமலே விட்டுவிடலாமா? அவள் நிம்மதி போய்விடுமோ? ஆனால் நாளை வேறு யாராவது தெரியாமல் அமுக்கினால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? திட்டு வாங்கியது அவள்தானே, நான் இல்லையே.

சொல்லிவிடுகிறேன் அப்பா. சத்தியமாக. அந்த எண்களையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நாளைக் காலை பூசை முடிந்து வரும்போது, இல்லாவிட்டால்…

கதவு தட்டுகிறது. "ஸ்டெல்லா, இன்னும் தூங்கலையாடி?" அம்மாதான்.

நோட்டை மூடப்போவதில்லை. இப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறக்கிறேன்.

உங்கள் மகள்