பலகையில் இல்லாத பெயர்

3.6.2001, ஞாயிறு

மாமா அக்காவின் பெயரைத் திருடிவிட்டார். மறைமலைநகரில் கணவனும் மனைவியுமாக அவர்கள் நடத்தும் கணக்கு டியூஷனுக்கு இன்று புதுப் பலகை எழுதினார்கள். பாடம் எடுப்பதெல்லாம் அக்காதான். பலகையில் மாமாவின் பெயர் மட்டும்.

கேட்டேன். "இப்ப இன்னா மச்சான்? கம்பெனில வேல செய்ற அப்பனுங்க ஆம்பள பேரப் பார்த்தாதான் புள்ளைய அனுப்புவானுங்க" என்று சிரித்தார்.

அக்கா எம்.எஸ்சி. படித்தபோது நாங்கள் கோவளம் கடற்கரைக்குப் போவோம். ஈர மணலில் விரலால் சமன்பாடு எழுதுவாள். அலை வந்து அழித்தால் அலையைத் திட்டுவாள். அங்கேதான் ஒரு ஜெர்மன் பெண் கணித மேதையைப் பற்றிச் சொன்னாள். இயற்பியலையே மாற்றிய தேற்றம் அவளுடையது. ஆனால் பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல், ஓர் ஆண் பேராசிரியரின் பெயரில் நோட்டீஸ் ஒட்டித்தான் வகுப்பு எடுத்தாளாம்.

"நானா இருந்தா நோட்டீஸப் பிடுங்கிக் கடாசியிருப்பேன்டா" என்றாள் அக்கா. அந்தக் கோபத்தைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது.

சாயங்காலம் பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவப் போனார். "பலகைல இன்னும் எடம் கீதுக்கா. உன் பேரையும் எழுதச் சொல்லு" என்றேன்.

அக்கா பெயிண்டரைக் கூப்பிடாமல் உள்ளே போய்க் கரும்பலகையில் நாளைக்கான கணக்கை எழுதத் தொடங்கினாள்.